காந்தல்

பரீட்சை முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் மரத்தடியில் நின்று விடையை ஒப்பிட்டுப் பார்க்காமல் நேராக டீக்கடைக்குப் போனார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் முதலில் மாறியது அதுதான். மதிப்பெண் கூடியதெல்லாம் பிறகு.

"ஏல, அந்த ரெண்டு மார்க்குக்கு என்ன போட்ட?" என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. தப்பாகப் போட்டவன் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் ஒரு சின்னக் கறுப்பு வில்லை ஒட்டியிருந்தது. ஆய்வுக்காரர்கள் அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் பொட்டு என்றார்கள். குளிக்கப் போகும்போது பெண்கள் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டுவதுபோல இதையும் ஒட்டினார்கள். விடுதிக் கண்ணாடிகளில் முகம் பார்க்க இடமில்லை என்று வார்டன் புலம்புவார்.

பாளையங்கோட்டைக்கு வெளியே, நான்கு வழிச்சாலையை ஒட்டி இருக்கிறது பல்கலைக்கழகம். நான் அங்கே சர்வர் அறையில் இரவுப் பணி. அதே வளாகத்தில் பொறியியல் படித்து, அரியர் குவிந்து, பாதியில் விட்டவன். விட்ட இடத்திலேயே வேலைக்கு வர வெட்கமாக இல்லையா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். சம்பளம் ஒழுங்காக வந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ஆய்வை நடத்தியவர் ஜெபக்கனி மேடம். கல்வி உளவியல் பேராசிரியர். முதல் நாள் என்னை உட்காரவைத்து அவரே விளக்கினார்.

"நல்லபெருமாள், மொளகாயக் கடிச்சா என்ன ஆகும்?"

"காரமா இருக்கும்."

"மொதல்ல சுருக்குன்னு ஒண்ணு வரும். மொளகாயக் கடிச்சிட்டன்னு சொல்லும். அதுக்குப் பின்னாலதான் காந்தல். அது ஆளப் போட்டு வாட்டும். தப்பு பண்ணும்போது மூளையிலயும் இப்படித்தான் ரெண்டு அலை. கண்ணு சிமிட்டுறதுக்குள்ள சுருக்குன்னு ஒண்ணு, இது தப்புன்னு சொல்லும். பின்னாலயே காந்தல் வந்து, நீயே தப்புன்னு சொல்லும்."

"சரி."

"வீட்டுல மொத ஆளா காலேஜுக்கு வர்ற பிள்ளைங்க எதுல தோக்குது? புத்தியில இல்ல. காந்தல்ல. ஒரு தடவ வகுப்பே சிரிச்சிருச்சுன்னா, பொறவு படிப்பு முடியுற வரைக்கும் வாயத் தொறக்காது. இந்தப் பொட்டு சுருக்கத் தொடாது. காந்தல மட்டும் அமுக்கும்."

"அமுக்குனது எங்க மேடம் போகும்?"

"அதத்தான் நீங்களும் நானும் பாக்கப்போறோம்," என்று சிரித்தார்.

பாதிப் பேருக்கு வேலை செய்கிற பொட்டு. பாதிப் பேருக்கு வெறும் பொட்டு. வெறும் பொட்டும் அலைகளைப் படித்து அனுப்பும், ஆனால் எதையும் அமுக்காது. யாருக்கு எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. சர்வர் அறைக்குத் தெரியும். ஒவ்வொரு எண்ணுக்கும் திரையில் ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு எந்த இடத்திலிருந்து வருகிறது என்று மட்டும் காட்டாது. அந்தரங்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். எனக்கும் ஒரு வெறும் பொட்டு ஒட்டினார்கள். கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, அறையிலேயே இருக்கிற ஓர் ஆளின் கோடு வேண்டுமாம். திரையின் அடியில், பணியாளர் என்ற பெயரில் அது ஓடியது.

என் தங்கை செண்பகவல்லி அங்கேயே நர்சிங் இறுதியாண்டு. அவளுக்கு விழுந்தது வேலை செய்கிற பொட்டு. நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என் வேலை போகும்.

செண்பகம் எப்படிப்பட்டவள் என்று சொல்ல ஒரு சம்பவம் போதும். இரண்டாம் ஆண்டில் மருந்து அளவுக் கணக்கைக் கரும்பலகையில் போடச் சொல்லியிருக்கிறார்கள். புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்துவிட்டாள். "நீ ஊசி போட்டா பிள்ள நேரா கைலாசத்துக்குத்தான்," என்றார் ஆசிரியை. வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து அவள் கடைசி பெஞ்சில், முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தாள். கல்லூரி நாட்களில் காலையில் வாந்தி எடுப்பாள். வெறும் வயிற்றில் டீ குடித்தால் அப்படித்தான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

பொட்டு ஒட்டிய பிறகு வாந்தி நின்றது. அவளே எழுந்து போய்க் கரும்பலகையில் தப்பாகப் போட்டு, அழித்துவிட்டு, மறுபடி போட்டாள். சந்தேகம் கேட்டே ஆசிரியைகளை ஓடவைத்தாள். வகுப்பில் முதலாவதாக வந்தாள். பயிற்சிக்காகப் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு ஒரு வாரம் போய்வந்தவள், வீட்டில் வேறு எதையும் பேசவில்லை. "கை முஷ்டி அளவுதாண்ணே இருக்கு ஒவ்வொண்ணும். அதுக்குள்ள ஒரு ஊசி. என்னால முடியுதுண்ணே!" படிப்பு முடிந்ததும் அந்த வார்டிலேயே சேர வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். ஆளுக்கு ஓர் இடம் என்று கேட்டுக் கொடுக்கிற வார்டு அல்ல அது. ஓர் ஆண்டுக்கு ஒரு பிள்ளையைத்தான் எடுப்பார்கள்.

அந்தத் தீபாவளி எங்கள் வீட்டில் நன்றாக இருந்தது. லாரி ஓட்டுகிற அப்பாவும் வந்திருந்தார். விடியுமுன் அம்மா எல்லோரையும் வரிசையாக மணையில் உட்காரவைத்து உச்சியில் எண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். "அண்ணே, உன் மண்டையில எண்ணெ வச்சும் என்ன பிரயோஜனம்?" என்று செண்பகம் என்னைக் கிண்டல் செய்தாள். எல்லோரும் குளித்துப் புதுத்துணி உடுத்தி, பொட்டு வைத்துக்கொண்டு, வெடி போட்டோம்.

கார்த்திகைக்குப் பிறகு செண்பகம் மறுபடி மாறினாள். மருந்துக் கணக்கை நாலு தடவை போட்டுப் பார்த்தாள். பரீட்சை முடிந்து வந்து, "ஏழாவது கேள்விக்கு நீ என்ன போட்ட?" என்று தோழிகளுக்குப் போன் போட்டாள். காலையில் குளியலறையில் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. ஆனாலும் முதலிடத்தை விடவில்லை.

வேலைக்குப் போனதும் அவள் எண்ணை எடுத்துப் பார்த்தேன். கோட்டில் காந்தல் துளியும் இல்லை. பொட்டு கச்சிதமாக அமுக்கிக்கொண்டிருந்தது. இரவு முழுக்க அவள் கோடு விழித்திருந்தது. படிக்கிறாள் என்று நினைத்தேன். காந்தல் இல்லை என்றால் பயமும் இல்லை. ஓங்கரிப்பது பழைய பழக்கம். அப்படி முடிவு செய்துகொண்டேன்.

என் கோடுதான் விசித்திரமாக இருந்தது. இரவில் அமைதியாகக் கிடக்கும். பகலில், நான் வீட்டில் தூங்குகிற நேரத்தில், மலை மலையாக எழும். கெட்ட கனவு கண்டிருக்க வேண்டும். எழுந்ததும் எதுவும் நினைவில் இருக்காது.

எனக்கு வேறொரு தொந்தரவு ஆரம்பித்திருந்தது. ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. எதையோ வைத்துவிட்டு வந்ததுபோல. கதவைப் பூட்டினேனா, அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்புவேன். போய்ப் பார்த்தால் சில நாள் பூட்டியிருக்கும், சில நாள் திறந்து கிடக்கும். திறந்து கிடந்தாலும் மனதில் எதுவும் ஆகாது. பூட்டிவிட்டு வருவேன். பஸ்ஸில் உட்காரப் பிடிக்காமல் வேலைக்கு நடந்தே போக ஆரம்பித்தேன். வீட்டில் கட்டிலில் உட்கார்ந்தால் அம்மா கத்துவாள்.

"காலை ஆட்டாதல! வீட்டுக்கு ஆகாதுன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்."

"ஆட்டலம்மா."

"பொறவு கட்டிலுக்கு என்ன காய்ச்சலா?"

தை மாதம் ஒரு நாள் அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்கி வந்தேன். ஒன்றுக்கு இரண்டு மடங்கு வீரியமுள்ள அட்டையை வாங்கிவிட்டேன். நான் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மா குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். படியில் நெற்றி பட்டுப் பிளந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தையல் போட்டார்கள். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்த டாக்டர், "யார் வாங்கினது?" என்றார். "நான்," என்றேன். சரியான அட்டையை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று.

செண்பகம் சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "நான் நர்சுக்குப் படிக்கேன். அட்டைய ஒரு தடவ திருப்பிப் பாத்திருக்கலாம்லாண்ணே. வீட்டுலதான இருந்தேன்," என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். அடுத்த சில நாட்கள் அவள் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

அம்மா விழுந்த அன்று இரவு அந்தக் காலை நேரத்துக்கான கோடுகளை எடுத்துப் பார்த்தேன். பொட்டு இருந்தும் இவ்வளவு அழுகை எப்படி என்பதுதான் எனக்குக் கேள்வி. அவள் எண்ணில், டாக்டர் அட்டையைக் காட்டிய அந்த நேரத்தில், காந்தல் இல்லை. அது எதிர்பார்த்தது. ஆனால் சுருக்கும் இல்லை. பொட்டு தொடாத முதல் அலை. அதுவே இல்லை. குளத்துத் தண்ணீர் போலக் கோடு நேராகக் கிடந்தது. முந்தைய வாரங்களைப் புரட்டினேன். தீபாவளிக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக் சிறுத்துக்கொண்டே வந்திருந்தது.

என் கோட்டையும் பார்த்தேன். அதே நேரத்தில் அது திரையின் உச்சியைத் தொட்டிருந்தது. வெளியே எதுவும் தெரியவில்லை என்றாலும் உள்ளே எனக்கு இவ்வளவு வலித்திருக்கிறது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்படியானால் செண்பகத்தின் அழுகை நடிப்பு. அல்லது பழக்கம். தப்பு என்பதே தெரியாத ஒருத்தி, முஷ்டி அளவு குழந்தைகளுக்கு ஊசி போடப் போகிறாள்.

மறுநாள் மதியம் ஜெபக்கனி மேடத்தின் அறைக்குப் போனேன். கோடுகளைத் திரையில் போட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"ரூபனைத் தெரியுமா உங்களுக்கு? மொத செட்டுல பொட்டு ஒட்டுன பையன். பாலிடெக்னிக்."

"தெரியாது மேடம்."

"அரியரெல்லாம் முடிச்சு ஒரு தனியார் கம்பெனி சப்ஸ்டேஷன்ல வேலைக்குப் போனான். பொட்டக் கழட்டல, கேட்டு வாங்கி வச்சுக்கிட்டான். போன மாசம் வந்து இந்த நாற்காலியிலதான் உக்காந்தான். எந்த சுவிட்ச எப்பப் போட்டேன், எது தப்புன்னு வரிசையாச் சொன்னான். கூட வேலை பாத்தவனுக்கு ரெண்டு கையும் போச்சு. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடிச்சிட்டு, 'மேடம், கேன்டீன்ல இன்னும் அந்த வெங்காய பஜ்ஜி போடுதாங்களா?'ன்னு கேட்டான்."

நான் திரையிலிருந்த கோட்டைப் பார்த்தேன்.

"அவன் பேசிட்டிருக்கும்போது மேசையில டீ டம்ளர் ஆடிக்கிட்டே இருந்தது. கரண்ட் இல்ல, ஜெனரேட்டர் ஓடுதுன்னு நெனச்சேன். பொறவுதான் குனிஞ்சு பாத்தேன். அவன் காலு." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுருக் எதுக்கு இருக்கு? எந்திரின்னு கத்துறதுக்கு. தினம் கத்தியும் ஒருத்தரும் எந்திரிக்கலன்னா, கத்துறத நிறுத்திருது போல. எல்லாருக்கும் இல்ல. சிலருக்கு."

"செண்பகத்துக்கு ஆயிருச்சு."

"உங்க தங்கச்சி. யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா? இத நான் பாத்தா, சும்மா இருக்க முடியாது. பொட்டக் கழட்டணும். அந்த வார்டுக்கு எழுதணும். சுருக் திரும்பி வந்துச்சுன்னு நான் சொல்லுற வரைக்கும் அவள அங்க விட மாட்டாங்க."

"எழுதுங்க மேடம்," என்றேன். தயங்கவில்லை. வாசலைத் தாண்டும்போது எதையோ வைத்துவிட்டு வந்ததுபோல இருந்தது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். போன் இருந்தது. சாவி இருந்தது.

அடுத்த நாள் மாலை செண்பகத்தின் கல்லூரி முதல்வர் அவளைப் போனில் கூப்பிட்டு, அந்த வார்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலை மறித்து நின்றாள்.

"நீயாண்ணே சொன்ன?"

"ஆமா."

"என்னன்னு சொன்ன?"

"உனக்குத் தப்பு தெரியலன்னு."

முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"எனக்கா? நேத்து லேப்ல பொம்மைக்கு ஊசி போடும்போது காத்த எடுக்காம விட்டுட்டேன். பொம்மைண்ணே. ரப்பர் பொம்மை. அதுக்கே எனக்குச் சோறு எறங்கல. எனக்கா தப்பு தெரியல?"

"கோட்டுல அது இல்ல."

"கோட்டக் கொண்டு குப்பையில போடு. நான் உன் முன்னாலதான நிக்கேன். என்னப் பாரு."

பார்த்தேன். கண் வீங்கியிருந்தது. உதடு உலர்ந்திருந்தது. கோட்டில் எதுவும் இல்லை.

"பொட்டு ஒட்டுன ஆளுக்கு அது வராது, செண்பகம். வந்த மாதிரி நீயா நெனச்சுக்கிடுத. ராத்திரியெல்லாம் முழிச்சுப் படிச்சா இப்படித்தான்."

"ராத்திரியா?" என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து. நெற்றியில் பிளாஸ்திரி இன்னும் இருந்தது. "அவ எங்கல படிக்கா? பத்து மணி அடிச்சா கட்டையாச் சாஞ்சிருதா. நீ வீட்டுல இருந்தாத்தான தெரியும்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரும்மா."

"ஆமால, எனக்குத் தெரியாது. நீதான் இஞ்சினீரு. மொதல்ல காலை ஆட்டாம நில்லு. நின்னுக்கிட்டே எப்படில ஆட்டுத?"

செண்பகம் என் காலைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குத் தையல் போட்டுக்கிட்டிருக்கும்போது நீ எங்க போன தெரியுமா? எதுத்த கடைக்கு. ரெண்டு பரோட்டா தின்னுட்டு, சால்னா நல்லாருந்துச்சுன்னு எங்கிட்ட வந்து சொன்ன."

"பசிச்சுது."

"பசிச்சுதா," என்றாள். குரலில் கோபம் போய்விட்டிருந்தது. "நான்தான் அட்டையப் பாக்கலன்னு செத்துக்கிட்டிருக்கேன். வாங்கிட்டு வந்த உனக்குப் பசிச்சுது."

நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

மறுநாள் காலை பதினொன்றுக்கு, பொட்டைக் கழற்றி ஆய்விலிருந்து விலக, இருவரும் ஜெபக்கனி மேடத்தின் அறைக்குப் போனோம். பஸ்ஸில் செண்பகம் என் பக்கத்தில் உட்காரவில்லை. மேடம் அவளிடம் மெதுவாகப் பேசினார். உன் தப்பு எதுவும் இல்லை என்றார். ஆய்வின் குறை என்றார். செண்பகம் எதையும் காதில் வாங்கவில்லை.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எனக்கு வலிக்குதுன்னு நான் சொல்லுதேன். இல்லன்னு அந்த டிவி சொல்லுது. நீங்க எதுக்குப் படிச்சீங்க? மனுசங்கள அறிஞ்சுக்கிடத்தான?"

மேடம் விலகல் தாளை முன்னால் தள்ளினார். செண்பகம் கையெழுத்துப் போட்டாள். காதுக்குப் பின்னால் நகத்தால் நெம்பி, பொட்டைப் பிய்த்து மேசை மேல் வைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கேறி, பின்னால் அச்சடித்த எண் அழிந்து, அது ஒரு சாதாரண ஸ்டிக்கர் போலக் கிடந்தது. அவள் எழுந்து வெளியே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. அவள் முதுகு தெரிந்தது. அசையாமல் இருந்தது.

மேடம் இரண்டு பேருக்கும் டீ வரவழைத்தார். பிறகு திரையைத் திருப்பினார். பொட்டைத் தோலிலிருந்து எடுத்தால் அந்த எண்ணின் கோடு அறுந்து புள்ளிகளாகிவிடும். அதைச் சேமித்துவிட்டுக் கணக்கை மூட வேண்டும்.

"இது ஏன் இன்னும் நிக்கல?" என்றார்.

செண்பகத்தின் கோடு ஓடிக்கொண்டிருந்தது. தட்டையாக, நேராக, நிதானமாக.

"கொஞ்சம் நேரமாகும் மேடம்."

"ஆகாது. உடனே நிக்கும்." அவர் விரல் திரையில் கீழே இறங்கியது. "உங்க கோடு எங்க?"

திரையின் அடியில், பணியாளர் என்ற இடத்தில் வெறும் புள்ளிகள். நான் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தேன். பொட்டு இருந்தது.

மேடம் மேசை மேல் கிடந்த பொட்டைப் பார்த்தார். என் காதைப் பார்த்தார்.

"குளிக்கும்போது எங்க வைப்பீங்க?"

"கண்ணாடியில."

"ஆளுக்கொரு டப்பி கொடுத்தோமே?"

"அதுல அம்மா மூக்குத்தித் திருகு போட்டு வச்சிருக்கா."

"ரெண்டு பேரும் சேந்து எப்பவாவது..."

"தீபாவளிக்கு," என்றேன். "எண்ணெ தேச்சோம். வீட்டுல ஒரு கண்ணாடிதான்."

மேடம் தை மாதத்து அந்தக் காலையை எடுத்துத் திரையில் போட்டார். இரண்டு கோடுகள். உச்சியைத் தொட்ட மலையின் மேல் விரலை வைத்து, "இது செண்பகம்," என்றார். தட்டையாகக் கிடந்த கோட்டின் மேல் விரலைக் கொண்டுபோனவர் கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு என்னிடம் கேட்பதுபோல இல்லாமல் கேட்டார். "விடுதியில மொத்தம் எத்தன குளியலறைக் கண்ணாடி இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. என் டம்ளரில் டீ சின்னச் சின்ன வட்டங்களாக நடுங்கிக்கொண்டிருந்தது. மேடமும் அதைப் பார்த்தார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் ஓடவில்லை. அவர் இந்தமுறை குனிந்து பார்க்கவில்லை.

"கழட்டுங்க," என்றார்.

"கழட்டினா?"

"சுருக் திரும்பி வரலாம். எப்பன்னு தெரியாது. காந்தலும் வரும். இவ்வளவு நாள் அமுக்கினது கொஞ்சங் கொஞ்சமா வருமா, மொத்தமா வருமான்னும் தெரியாது. ரூபன் கழட்டவே மாட்டேன்னுட்டான்."

"செண்பகத்தோட வார்டு?"

"இன்னொரு கடிதம் எழுதுதேன். இன்னைக்கே. ஆனா அந்த இடத்துக்கு நேத்தே வேற பிள்ளையப் போட்டாச்சு. அடுத்த வருசம் கேக்கலாம். ஆனா, இவளுக்குத் தப்பு தெரியாதுன்னு ஒரு தடவ நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். பச்சப் பிள்ளைகள வச்சிருக்கிறவங்க. அத வாசிச்சவங்க இத வாசிச்சு நம்புவாங்களா?"

பொட்டைப் பிய்த்தேன். கை தன் பழக்கத்தில் கண்ணாடியைத் தேடியது. எதிரே திரை இருந்தது. அதன் ஓரத்தில் ஒட்டினேன். தட்டைக் கோடு அறுந்து புள்ளிகளானது.

எழுந்து கதவுவரை போனேன். நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரியும். வரிசையாகச் சொல்ல முடியும். மாத்திரையைத் தப்பாக வாங்கினேன். அம்மா விழுந்தாள். தங்கை அழுததை நடிப்பு என்றேன். என் மூளையைக் காட்டி அவளைப் பிடித்துக் கொடுத்தேன். அவளுக்கு வேண்டியிருந்த ஒன்று போய்விட்டது. எதையும் விடாமல், எந்த இடத்திலும் தடுமாறாமல், பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்ல முடியும்.

காந்தல் வரட்டும், வந்த பிறகு அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் நிற்கவில்லை. கீல் கிறீச் கிறீச் என்றது.

சத்தம் கேட்டு செண்பகம் திரும்பினாள்.

"முடிஞ்சுதாண்ணே? வா போவோம். அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும். நானே அட்டையப் பாத்து வாங்கிக்கிடுதேன். நீ கூட வந்தாப் போதும்."

கேன்டீன் பக்கமிருந்து எண்ணெய் காயும் வாசனை வந்தது. எனக்குப் பசித்தது.